கண்மாய்க்குள் இருந்த பெண்

1. காலையில் வந்த போன்

டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கிற எங்கள் அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. தெரியாத எண். ராமநாதபுரம் சீமையில் ஒரு கிராமத்துச் செவிலியர் பேசினார். வணக்கம் சொல்லக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

"ஏம்மா, உங்க சிஸ்டத்துல இருந்து எனக்கு ஒரு அலர்ட் வந்திருக்கு. பேச்சியம்மாள்னு ஒரு பிள்ளை. மாசமா இருக்கு. உண்ணிக் காய்ச்சல் பாசிட்டிவ்னு போட்டிருக்கு. வீட்டுக்குப் போனா பூட்டிக் கெடக்கு. ஆட்டுக் கிடையோட மேக்க போயி மாசக்கணக்காச்சுன்னு பக்கத்து வீட்டுல சொல்லுறாக. உங்க பக்கம் இருக்கிற பிள்ளைய இங்க தேடச் சொன்னா நான் எங்க போயித் தேட?"

நான் படியிலேயே நின்றுவிட்டேன். உண்ணிக் காய்ச்சல் என்பது புதர்களில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணி கடித்து வருவது. மற்ற காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும். உரிய நேரத்தில் தெரிந்துவிட்டால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். தெரியாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பெண் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள்.

ரத்தம் எடுத்தது எங்கள் பகுதியில். சோதித்ததும் எங்கள் பகுதியில்தான். முடிவு மட்டும் எங்களைத் தாண்டிப் போய், அவள் இல்லாத ஊரில் கதவைத் தட்டியிருக்கிறது. இதற்குள் பல நாள் ஓடிவிட்டது. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த வருடம் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "ஆன்டாலஜின்னா என்னக்கா, படிச்சா தலை சுத்துது" என்கிறார்கள். பாடமாக நடத்த எனக்கு வராது. அந்த ஒரு நாளைச் சொல்ல வரும்.

2. காஸ், ரோல், பெட்டி

அதற்கு முன்னால் நான் எங்கிருந்து வந்தேன் என்று இரண்டு வரி. நான் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். பிறகு அங்கேயே கம்ப்யூட்டரில் ஸ்டாக் ஏற்றுகிற வேலை. எங்கள் சூப்பர்வைசர், "சரக்கு வாயத் தொறந்து பேசாதும்மா, லேபிள்தான் பேசும். அது பொய் பேசாமப் பாத்துக்க" என்பார். இப்படி யாராவது எதையாவது சொல்லிவிட்டால் எனக்கு மறக்காது. படித்ததைவிடக் கேட்டதுதான் என்னிடம் அதிகம்.

அந்த ஸ்டாக் வேலையில்தான் முதல் பாடம் கிடைத்தது. காஸ் என்பது காயத்துக்குக் கட்டுகிற ஒரு வகைத் துணி. ரோல் காஸால் ஆனது. ரோல் பெட்டியின் ஒரு பகுதி. 'வகை', 'ஆனது', 'பகுதி' என்ற இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பினால் வினை. துணி தண்ணீரை உறிஞ்சும் என்றால் அதன் வகையான காஸும் உறிஞ்சும். அந்தக் குணம் மேலிருந்து கீழே இறங்கும். ஆனால் பெட்டி நனைந்துவிட்டது என்பதால் உள்ளே இருக்கிற ரோலும் நனைந்தது என்று எழுத முடியாது. எங்கள் கம்பெனியில் இதை யாரும் ஆன்டாலஜி என்று சொல்லவில்லை. பின்னாளில், காய்ச்சல்களைக் கண்காணிக்கிற இந்தத் தொண்டு நிறுவனத்துக்கு வந்தபோது சுகந்தி மேடம்தான் அந்தப் பெயரைச் சொன்னார்.

மேடம் மதுரைக்காரர். ஊர் ஊராக நோய் எப்படிப் பரவுகிறது என்று படித்த டாக்டர். என்னைவிட வயதில் இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். உலகத்தில் என்னென்ன இருக்கிறது, எது எதன் வகை, எது எதன் பகுதி, எதுவும் எதுவும் ஒருக்காலும் ஒன்றாக இருக்க முடியாது என்று கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதிவைப்பதுதான் ஆன்டாலஜி என்றார். எழுதியதைப் படித்துத் தானாகவே ஒரு முடிவுக்கு வருகிற மென்பொருளுக்கு ரீசனர் என்று பெயர்.

எங்களிடம் இரண்டு மரங்கள் இருந்தன. ஒன்று நோய்களின் மரம். அதை உலகத்தில் ஏற்கெனவே பெரியவர்கள் கட்டிவைத்திருக்கிறார்கள்; நாங்கள் எடுத்துப் பயன்படுத்தினோம். இன்னொன்று இடங்களின் மரம். ஊர், தெரு, தோப்பு, ஓடை, கண்மாய், மலையடிவாரம் என்று எங்கள் தாலுகாக்களுக்கு நாங்களே உட்கார்ந்து கட்டியது. கிராமச் செவிலியர் கையில் டேப் என்று ஒரு சின்னத் தொடுதிரைக் கருவி இருக்கும். நோயாளி இருக்கிற இடத்தில் நின்று அவர் ஒரு புள்ளி வைப்பார். அதைப் பின் என்போம். காய்ச்சலும் இடமும் அந்தப் பின்னில்தான் சேரும். ரத்தப் பரிசோதனை முடிவு நோயாளி இருக்கும் இடத்துச் செவிலியருக்கு அலர்ட்டாகப் போகும். ஓர் இடத்தில் நாலைந்து காய்ச்சல் சேர்ந்தால் அந்தப் பகுதிச் செவிலியருக்கு அலர்ட் போகும், வண்டி போகும், மைக்கில் அறிவிப்பு போகும்.

3. ரீசனர் சொன்ன காரணம்

நான் உள்ளே போனபோது மேடம் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மாளின் பதிவைத் திறந்தோம். இருக்கும் இடம் என்ற கட்டத்தில் ராமநாதபுரம் பக்கத்து ஊர் இருந்தது. செவிலியர் வைத்த பின்னைக் காணோம்.

ரீசனர் ஒரு முடிவுக்கு வந்தால், ஏன் வந்தாய் என்று அதையே கேட்கலாம். கேட்டோம். அது அடுக்கிச் சொன்னது. கண்மாய் ஒரு நீர்நிலை. நோயாளி இருக்கும் இடம் ஒரு குடியிருப்பு. நீர்நிலையும் குடியிருப்பும் ஒருக்காலும் ஒன்றாகாது. பின் விழுந்த இடம் கண்மாய். ஆகவே பின் தவறு. ஆகவே அடையாள அட்டை முகவரியை எடுத்துக்கொண்டேன்.

மேடம் அதை இரண்டு தடவை படித்தார். "லாஜிக்ல ஒரு தப்பும் இல்லக்கா. அதுதான் பயமா இருக்கு" என்றார்.

அந்த விதி காரணமில்லாமல் வரவில்லை. தொடக்கத்தில் டேப்பின் ஜிபிஎஸ் தடுமாறும். கரையோரத்து வீட்டில் நின்று பின் வைத்தால் நடுக்கண்மாயில் போய் விழும். ஒரு கூட்டத்தில் எங்கள் வரைபடத்தைத் திரையில் போட்டபோது, நிறைந்து கிடந்த கண்மாய்க்கு நடுவே டெங்கு என்று சிவப்பாக மின்னியது. வந்திருந்த அதிகாரி ஒருவர், "யாருக்கு, மீனுக்கா?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் சேர்ந்து அந்த விதியைப் போட்டோம். தண்ணீருக்குள் பின் விழுந்தால் அட்டை முகவரிக்குப் போ. உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் அட்டை முகவரியும் வீடும் ஒன்றுதான். விதி நன்றாகவே வேலை செய்தது.

அந்த வருடம் மழை பொய்த்தது. தை முடிவதற்குள் கண்மாய்கள் பலதும் வறண்டுவிட்டன. தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாயில் புல்லும் சீமைக்கருவேலப் புதரும்தான். கிழக்கேயிருந்து கிடைக்காரர்கள் வந்தார்கள். ஆடுகளை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள். பகலில் மேய்ச்சல், இரவில் யார் வயலிலாவது பட்டி போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல் தோதாக இல்லாத நாளில் வறண்ட கண்மாய்க்குள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

அந்த விதி வேறு யார் மேலெல்லாம் பாய்ந்திருக்கிறது என்று மேடம் தேடினார். பேச்சியம்மாளோடு இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லோருக்கும் காய்ச்சல். எல்லோரையும் ரீசனர் கிழக்கே அனுப்பிவைத்திருந்தது. எங்கள் வரைபடத்தில் அவர்கள் உண்மையில் இருந்த பக்கம், காய்ச்சலே இல்லாத இடம் மாதிரி பச்சைப் பசேல் என்று இருந்தது.

4. வயலுக்கு அடுத்த வயல்

ரத்தம் எடுத்தது வத்திராயிருப்புப் பக்கத்துச் செவிலியர் ஜெயா. அவரைக் கூப்பிட்டேன்.

"ஆமாக்கா, நாந்தான் எடுத்தேன். வ. புதுப்பட்டிக்கு மேக்க ஒரு கண்மாய்க்குள்ள கெடந்தாவ. ரிசல்ட்டு வரும் வரும்னு டேப்பப் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. வரலன்னதும் ஒண்ணும் இல்லபோலன்னு..." பிறகு, "எங்கக்கா இருக்கா அந்தப் பிள்ளை?" என்று என்னையே கேட்டார்.

அவர்கள் அந்தக் கண்மாயை விட்டு வயலுக்கு ஏறிவிட்டார்களாம். எந்த வயல் என்று தெரியாது. பேச்சியம்மாள் புருஷன் முருகேசனின் எண் ஜெயாவிடம் இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிடைக்காரர்கள் போனுக்கு எங்கேயாவது மோட்டார் ரூமில் சார்ஜ் போட்டால்தான் உண்டு.

மேடம் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தார். அறுத்த வயலும் வறண்ட கண்மாயும் ஒரே மண் நிறத்தில் மலைவரைக்கும் கிடந்தன. ஆட்டைத் தேடினால் தெரியுமா என்றுகூடப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்தப் படம் எப்போது எடுத்ததோ. மூடிவிட்டு கார் சாவியை எடுத்தார்.

வழியில் ஜெயாவை ஏற்றிக்கொண்டோம். அவர்தான் வழி சொன்னார். கிடைக்கு வரைபடம் கிடையாது, முறைதான் உண்டு. அறுப்பு முடியும் முன்னமே கிடைக்குத் தலைவரான கீதாரியிடம் வயல்காரர்கள் பேசிவைத்துவிடுவார்கள். இன்னார் வயல் முடிந்ததும் இன்னார் வயல். "ஒரு ஆளப் புடிச்சிட்டா அவருக்கு அடுத்த ஆளு யாருன்னு அவருக்குத் தெரியும்க்கா. நம்ம முறை எப்ப வரும்னு எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருப்பாவ" என்றார்.

கண்மாய்க்குக் கீழே முதல் வயல்காரர் வீட்டிலேயே இருந்தார். கிடை அவர் வயலில் கிடந்துவிட்டுப் போயிருந்தது. அடுத்தது பெரிய கிணற்றுக்காரர் என்றார். பெரிய கிணற்றுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி, ஆடுகள் போய்விட்டன, அடுத்து மிலிட்டரி ஐயா வயல் என்றார். காய்ச்சல்காரப் பெண் ஒருத்தி இருந்தாளா என்று கேட்டேன். இருந்தாள், கஞ்சி கொடுத்தேன், இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை என்றார். மேடம் காரைத் திருப்பும்போது கியர் சரியாக விழவில்லை.

5. முறை இருந்தும் வேண்டாம் என்றவர்

மிலிட்டரி ஐயா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மோட்டார் ரூம் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வயலில் நெல் அறுத்த தாள் அப்படியே நின்றது. ஒரு குளம்படிகூட இல்லை.

"கிடையா? இங்க போடலயே தாயி."

"ஐயா, அடுத்து உங்க முறைன்னு சொன்னாங்களே" என்றார் ஜெயா.

அவர் ஜெயாவின் நர்ஸ் சேலையைப் பார்த்தார்.

"முறைதான். வந்தாவ. பட்டி அடிக்கவும் ஆரம்பிச்சாவ. அதுக்குள்ள ஒரு பொண்ணு வரப்புல சுருண்டு படுத்திருச்சு. அனலாக் கொதிக்கு. இன்னொருத்தன் நடுங்கிக்கிட்டு நிக்கான். எனக்கு வீட்ல பேரப்பிள்ளைய இருக்கு தாயி. என்னமோ ஒட்டுவாரொட்டியா இருக்கும்னு பயந்துட்டேன். வேற எடம் பாருங்கப்பான்னு சொல்லிட்டேன்."

"அது ஒட்டாது ஐயா" என்றார் மேடம். "புதருக்குள்ள ஒரு உண்ணி கடிச்சு வர்றது. ஆளுக்கு ஆள் பரவாது."

"இத யாரு எனக்குச் சொன்னா? காய்ச்சல்னா மைக் கட்டிக்கிட்டு வருவிய. இந்தத் தடவ ஒரு வண்டியுங் காங்கல. வண்டி வரலன்னா கவர்மெண்டுக்கே தெரியாத ஏதோ புது நோயின்னுதான நெனப்பேன்?"

எங்கள் மூவருக்கும் பதில் தெரியும். வண்டி வராததற்குக் காரணம் எங்கள் வரைபடத்தின் பச்சை நிறம். விதி ஒரு பெண்ணை இடம் மாற்றியதோடு நிற்கவில்லை. அவள் இருந்த இடத்தில் இருந்தவர்களுக்குச் சேரவேண்டிய செய்தியையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறது. அந்தச் செய்தி கிடைக்காத மனிதர் தன் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டு செய்ததைத்தான் செய்திருக்கிறார்.

"எங்க போறோம்னு சொன்னாவளா?" என்று கேட்டார் ஜெயா.

"சொல்லல. நானுங் கேக்கல." அவர் எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். "வயல் இல்லன்னா கண்மாய்க்குத்தான் போவாவ. இம்புட்டு ஆட்டுக்குத் தண்ணி வேணும்லா. கெடங்குல கொஞ்சமாச்சும் தண்ணி கெடக்கிற கண்மாய் இந்தப் பக்கம் ரெண்டு இருக்கு. எம் பின்னாடியே வாங்க."

6. உள்வாய்

அவர் பைக்கில் முன்னால் போனார். முதல் கண்மாயின் கரையில் நின்று பார்த்தோம். உள்ளே ஆழப் பள்ளமான கெடங்கில் கலங்கல் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. ஆடு இல்லை. அவர் உள்ளே இறங்கிப் புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "பழசு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினார். முகத்தில் வேர்வை. ஜெயா முருகேசனின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே வந்தார். மேடம் ஆஸ்பத்திரிக்குப் பேசி, கட்டில் ஒன்று தயாராக வைக்கச் சொன்னார். ஆள் கிடைத்துவிட்டாளா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "கிடைச்சிருவா" என்றார் மேடம். அதை என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இரண்டாவது கண்மாய் பெரிது. கரையில் ஏறியதும் ஆட்டுச் சத்தம் கேட்டது. சீமைக்கருவேலம் அடர்ந்து நின்ற இடத்தின் ஓரம் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. எனக்கு முட்டி வலி உண்டு. அன்று அந்தச் சரிவில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

தார்ப்பாய்க்குள் பேச்சியம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சின்னப் பெண். மூச்சு மேலே மேலே வாங்கியது. மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். முருகேசன் போனுக்குச் சார்ஜ் ஏற்றவும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கவும் போயிருந்தான். ஜெயா உட்கார்ந்து சேலையை விலக்கிப் பார்த்தார். இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. புதர் உண்ணி கடித்த அடையாளம் அதுதான்.

மாமியார் எங்களைத் திட்டவில்லை. "ரத்தம் எடுத்துட்டுப் போனீக. ஒண்ணுஞ் சொல்லல. சொல்லலன்னா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்? அதான் கடை மாத்திரையே போதும்னு இருந்துட்டோம்" என்றாள்.

பிள்ளைகளே, ரீசனருக்கு நாம் முதன்முதலில் கற்றுக்கொடுக்கிற பாடம் எது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றைச் சொல்லவில்லை என்பதாலேயே அது இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. தெரியவில்லை என்று மட்டும் வைத்துக்கொள். மெஷினுக்கு இதை அவ்வளவு கவனமாகச் சொல்லிவைக்கிறோம். டேப்பைப் பார்த்திருந்த ஜெயாவும், தார்ப்பாய்க்குள் காத்திருந்த இந்த அம்மாவும், மோட்டார் ரூம் ஐயாவும் மெஷின்கள் இல்லையே. நம் பக்கம் இருந்து ஒன்றும் வரவில்லை என்றால், அவரவர் அதற்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

மேடம் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் கரையோடு நின்றுவிட்டது. உள்வாயில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும் என்றார் டிரைவர். மிலிட்டரி ஐயா யாருக்கோ போன் போட்டார். அவருடைய தங்கை மகன் குட்டி யானை வண்டியை மடைப் பக்கமாக இறக்கிக் கொண்டுவந்தான். போர்வையோடு தூக்கி ஏற்றினோம். தலைப்பக்கத்தை ஐயாவே பிடித்தார். கரைக்கு வந்து ஆம்புலன்ஸுக்கு மாற்றும்போது பேச்சியம்மாள் கண்ணைத் திறந்து, கூட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்த ஆட்டுக்குட்டிகளைத் திறந்துவிடச் சொன்னாள். பால் குடிக்கிற நேரமாம். மாமியார், "நீ போத்தா, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஜெயா அங்கேயே தங்கி, காய்ச்சல் இருந்த மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்தார். மேடமும் நானும் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போனோம்.

7. ஆஸ்பத்திரி

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் அதற்குப் பிறகு எங்கள் வேலை. முருகேசன் வந்தான். கையில் மருந்துக்கடைப் பை அப்படியே இருந்தது. யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

டாக்டர் வெளியே வந்து, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மருந்து ஆரம்பித்துவிட்டோம், இனிப் பார்க்கத்தான் வேண்டும் என்றார். பிள்ளையின் துடிப்பு கேட்கிறதா என்று மேடம் கேட்டார். கேட்கிறது, வேகமாக இருக்கிறது என்றார். வேகமாக இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம் என்றால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் நான் ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அலுவலகத்துக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரியில் இறங்கி, பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். கண்டக்டருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. "இன்னிக்கு எப்படிம்மா இருக்கு உங்க பிள்ளைக்கு?" என்று கேட்பார். என் பிள்ளை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. காய்ச்சல் இறங்கிய அன்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். "அப்படிப் போடுங்க" என்று விசிலை நீளமாக ஊதினார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பேச்சியம்மாள் பிழைத்தாள். வயிற்றுப் பிள்ளையும் தங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். மேடம் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

8. கண்மாய் என்றால் என்ன

அந்த வாரம் ஜெயாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சென்னையில் இருந்து மென்பொருள் எழுதுகிற தம்பி வீடியோவில் வந்தார். வறண்ட கண்மாய்க்கு என்று தனியாக ஒரு விதிவிலக்கு போட்டுவிடலாம் என்றார். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்மாய்ங்கிறது தண்ணி இல்ல தம்பி. கரை கட்டின பள்ளம். தண்ணி அதுக்குள்ள வந்து போறது. தண்ணி வரும்போது அது நீர்நிலை மாதிரி நடக்குது, அவ்வளவுதான். நாம வந்து போறத எடுத்து வகைன்னு எழுதி வச்சிட்டோம்" என்றார்.

அப்படியானால் எந்தக் கண்மாய் எப்போது வற்றுகிறது என்று யார் சொல்வது என்று ஜெயா கேட்டார். குடியிருப்பு என்றால் என்ன என்று நான் கேட்டேன். ஊரின் ஒரு பகுதி தெரு, தெருவின் ஒரு பகுதி வீடு என்று எழுதியிருந்தோம். கிடை எந்த ஊரின் பகுதி? எந்த ஊருக்கும் இல்லை. அதில் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். பேச்சு முடியவேயில்லை. டீ இரண்டு தடவை வந்தது.

கடைசியில் மாற்றியது இவ்வளவு. கண்மாயை நிலத்தின் பக்கம் வைத்தோம். தண்ணீர் அதன் நிலை, தேதியோடு வரும். கிடைக்கு எந்த ஊரின் கீழும் இல்லாத தனி வகுப்பு கொடுத்தோம். எந்த விதியும் எந்த நோயாளியையும் தானாக இடம் மாற்றக்கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு மனிதரைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் வேண்டும். கிடையில் வைக்கிற பின், வரைபடத்தில் அப்படியே நின்றுவிடாது. நாளாக நாளாக மங்கும். மங்கினால் எங்களில் ஒருவர் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் எனக்குப் பயம் போகவில்லை. ஒருக்காலும் ஒன்றாகாது என்று நாங்கள் எழுதிவைத்திருக்கும் வரிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. காலையில் வந்ததும் அதில் ஒன்றிரண்டை எடுத்துப் படிக்கிறேன். ஒவ்வொன்றின் முன்னாலும் எனக்குத் தெரிந்த மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கிறேன். மில்லில் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர், மலையடிவாரத் தோப்பில் காவலுக்குக் கிடக்கிறவர், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். யாராவது இந்த வரியில் மாட்டிக்கொள்வார்களா? நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். சூத்திரம் சரியாக இருக்கிறதா என்று மெஷின் பார்த்துக்கொள்ளும். யார் மாட்டிக்கொள்வார் என்று பார்க்க நம்மை விட்டால் ஆள் கிடையாது.

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றால், கிடைக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். ஊரில் போய் இருக்கச் சொல்லி மேடம் எவ்வளவோ கெஞ்சினார். புருஷனையும் ஆட்டையும் விட்டுவிட்டுப் பூட்டின வீட்டில் என்ன செய்வது என்று சிரித்தாளாம். புதரோரம் படுக்கமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தாள். மறுபரிசோதனைக்கு ஜெயா போக வேண்டிய சமயத்தில் வரைபடத்தில் அவளுடைய பின் மங்கியது. நான் முருகேசனை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தேன். அதே. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழைத்தேன்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"என்னக்கா, இம்புட்டுத் தடவ கூப்பிட்டிருக்கீக? சார்ஜ் இல்ல. இப்பத்தான் மோட்டார் ரூம்ல போட்டேன்."

"எங்க இருக்கிய தம்பி? அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. இந்தா, ஆட்டுக்குட்டியப் பால் குடிக்க வுட்டுக்கிட்டு இருக்கா. ஓடைக்குத் தெக்க, ரெட்டைப் புளியமரத்துக்குப் பக்கத்து வயலு."

எழுதிக்கொண்டேன். "அப்ப அந்த எடத்தையே போட்டுக்கிடட்டுமா?"

"இன்னிக்குன்னா போட்டுக்கிடுங்க. நாளைக்கி வேணும்னா நாளைக்கிக் கேளுங்கக்கா, சொல்லுறேன்."

மறுநாள் கேட்டேன்.